கைக்கடிகார கேஸும் அதன் மெருகும்: ஒரு வரலாறு

முன்னுரை

கைக்கடிகாரத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் அதன் உள்ளே ஓடும் மெஷினைப் பற்றியே எழுதுகிறார்கள். ஆனால் நம் கண்ணிலும் கையிலும் படுவது, மெஷினைச் சுற்றியுள்ள உலோகக் கூடுதான். கடிகாரக் கடைகளில் இதைக் கேஸ் என்பார்கள். இக்கட்டுரையிலும் அந்தச் சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

கேஸ் நாள்தோறும் மேசையில் உரசுகிறது, சுவரில் இடிபடுகிறது, வியர்வையில் நனைகிறது. சில ஆண்டுகளில் அதன் பளபளப்பு மங்கி, கீறல்கள் விழுகின்றன. அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த மெருகுக்கே திரும்பக் கொண்டுவரும் வேலையை மறுமெருகு எனலாம். இன்று விலை உயர்ந்த கடிகாரங்களைப் பொறுத்தவரை இது ஒரு தனிக் கைத்தொழிலாகவே வளர்ந்துள்ளது.

மறுமெருகு என்றால் பளபளப்பாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறான எண்ணம். இந்தத் தவறால் எத்தனையோ நல்ல கடிகாரங்கள் தம் அடையாளத்தை இழந்துள்ளன. அவற்றுள் என் தந்தையின் கடிகாரமும் ஒன்று. கேஸ் மெருகின் வரலாற்றையும், அதைத் திரும்பக் கொண்டுவரும் முறையையும், எப்போது அதைத் தொடாமல் விடவேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மெருகின் வகைகள்

கேஸ் மெருகில் அடிப்படையானவை இரண்டு. முதலாவது கண்ணாடி மெருகு. உலோகப் பரப்பில் ஒரு கோடுகூடத் தெரியாதபடி தேய்த்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்குவது இது. இரண்டாவது கோட்டு மெருகு. உலோகத்தின் மேல் ஒரே திசையில் மிக நுண்ணிய கோடுகளை இழுத்து, ஒளியை மென்மையாகச் சிதறச் செய்வது. புதிய எவர்சில்வர் பாத்திரத்தின் பளபளப்பையும், மின்தூக்கிக் கதவின் மங்கலான ஒளியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மாணவர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

நல்ல கேஸ்களில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வரும். எடுத்துக்காட்டாக, ரோலெக்ஸ் சப்மரைனர் கடிகாரத்தில் பட்டை மாட்டும் நான்கு கொம்புகளின் மேற்புறம் கோட்டு மெருகிலும், பக்கவாட்டுப் பகுதி கண்ணாடி மெருகிலும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கத்தி முனை போன்ற ஒரு விளிம்பு ஓடும். கேஸின் அழகு உண்மையில் இந்த விளிம்பில்தான் இருக்கிறது.

பழுதுபார்ப்பவர் முதலில் கெடுப்பதும் இந்த விளிம்பைத்தான். கேஸைத் துணிச் சக்கரத்தில் வைத்து மெருகுப் பசை பூசித் தேய்ப்பதைப் பஃபிங் என்பார்கள். துணி மென்மையானது, அது வளைந்து கொடுக்கும். ஆகவே பரப்பைத் தேய்க்கும்போது விளிம்பையும் சேர்த்தே மழுக்கிவிடும். கேஸ் பளபளக்கும், ஆனால் ஆற்றுக் கூழாங்கல் போல உருண்டுபோகும்.

சென்னையில் கடிகாரத் தொழில்

தமிழ்நாட்டில் கடிகாரத் தொழிலின் பழைய பெயர்களுள் முக்கியமானது சென்னையின் பி.ஆர் அண்ட் சன்ஸ். பீட்டர் ஆர் என்ற கடிகாரத் தொழிலர் 1849இல் இதைத் தம் பொறுப்பில் ஏற்றார். அண்ணா சாலையில் உள்ள இதன் கட்டடம் 1879இல் ராபர்ட் சிசோம் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் எழுந்தது. கடிகாரங்களோடு வெள்ளிப் பொருள்களுக்கும் இந்நிறுவனம் புகழ்பெற்றது. தெய்வ உருவங்கள் புடைப்பாக அமைந்த இதன் வெள்ளி வேலைப்பாடுகள் ‘சுவாமி வெள்ளி’ என்ற பெயரில் இன்றும் சேகரிப்பாளர்களால் தேடப்படுகின்றன.

அக்காலச் சட்டைப்பைக் கடிகாரங்களின் கேஸ்கள் பெரும்பாலும் வெள்ளியாலும் தங்கத்தாலும் ஆனவை. இவை மென்மையான உலோகங்கள். கேஸின் பின்புறத்தில் செதுக்கிய பூவேலையும் அலைக்கோடுகளும், பையில் உரசி உரசியே ஒரு தலைமுறையில் மங்கிவிடும். அவற்றை மேலும் தேய்த்துப் பளபளப்பாக்கினால் செதுக்கல் அடியோடு போய்விடும். எனவே, அதிகம் தேய்த்தால் வேலைப்பாடு அழியும் என்ற பாடம் கடிகாரத் தொழிலுக்கு அன்றே தெரிந்ததுதான்.

எஃகின் வருகை

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1913இல் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். 1930களில் அது கடிகார கேஸ்களுக்குப் பயன்படத் தொடங்கியது. அதற்குச் சற்று முன்பே, 1926இல், ரோலெக்ஸ் நிறுவனம் தண்ணீர் புகாத ‘ஆய்ஸ்டர்’ கேஸை அறிமுகப்படுத்தியிருந்தது. தண்ணீர் புகாமை, எஃகின் உறுதி ஆகிய இரண்டும் சேர்ந்து, கைக்கடிகாரத்தை உழைப்பாளியின் கையிலும் நீடித்து இருக்கக்கூடிய பொருளாக மாற்றின.

எஃகில் மெருகையே கலையாக்கியவர்களுள் இருவரைக் குறிப்பிட வேண்டும். ஒருவர் ஜப்பானின் டாரோ டனாகா. செய்கோ நிறுவனத்தின் வடிவமைப்பாளரான இவருடைய கொள்கைப்படி 1967இல் ‘44ஜிஎஸ்’ என்ற கடிகாரம் வெளிவந்தது. அலையாத தட்டைப் பரப்பு, கூர்மையான விளிம்பு, ஒளியும் நிழலும் பிரியும் முகங்கள் ஆகியவையே அதன் இலக்கணம். இதற்காகத் துணிச் சக்கரத்தை நம்பாமல், சுழலும் தட்டையான தட்டின் முகத்தில் கேஸை அழுத்திப் பிடித்துத் தேய்த்தார்கள். இம்முறைக்கு ‘ஜராட்சு’ என்று பெயர். இது ஜப்பானியச் சொல் அன்று. மெருகு இயந்திரத்தைச் செய்த ‘சல்லாஸ்’ என்ற ஐரோப்பிய நிறுவனத்தின் பெயர் ஜப்பானியர் வாயில் அப்படி மாறியது.

மற்றவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜெரால்டு ஜென்டா. இவர் வடிவமைத்து, ஓடமார் பிகே நிறுவனம் 1972இல் வெளியிட்ட ‘ராயல் ஓக்’, எஃகில் செய்யப்பட்டும் தங்கக் கடிகாரங்களோடு போட்டியிடும் விலைக்கு விற்றது. எண்கோண வளையம், கோட்டு மெருகிட்ட பரப்புகள், அவற்றின் ஓரத்தில் கண்ணாடி மெருகிட்ட சரிவுகள் ஆகியவை அதன் சிறப்பு. விலை உலோகத்துக்காக அன்று, உலோகத்தின் மேல் செய்த வேலைக்காக என்பதை உலகுக்கு உணர்த்திய கடிகாரம் இது. இவ்வகைக் கடிகாரங்கள் வந்த பிறகே, கேஸைப் பிறந்த மெருகுக்கே திருப்ப வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது.

எச்.எம்.டி.யும் முலாமும்

இந்தியாவின் கதை வேறு. 1953இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. பொதுத்துறை நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் கைக்கடிகாரத் தயாரிப்பில் இறங்கியது. முதல் கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். ஜனதா, பைலட், சோனா, காஞ்சன், கோகினூர் ஆகியவை இதன் புகழ்பெற்ற பெயர்கள். தேர்வில் வென்ற பிள்ளைக்கும், மணமேடை ஏறும் மாப்பிள்ளைக்கும், பணி ஓய்வு பெறுபவருக்கும் எச்.எம்.டி. கொடுப்பது நாடு முழுவதும் வழக்கமாயிற்று.

சாமானியர் வாங்கக்கூடிய விலையில் கடிகாரம் தரவேண்டும் என்பதால், இவற்றில் பலவற்றின் கேஸ் எஃகால் செய்யப்படவில்லை. பித்தளை போன்ற உலோகத்தின் மேல் நிக்கல் பூசி, அதன் மேல் குரோமிய முலாம் பூசப்பட்டது. பின்மூடி மட்டும் துருப்பிடிக்காத எஃகு. பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று பொறித்திருந்தால் மூடி மட்டுமே எஃகு என்று பொருள்; முழுக் கேஸும் எஃகு என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த வேறுபாடு மறுமெருகில் மிக முக்கியம். எஃகு உள்ளும் புறமும் ஒரே உலோகம். தேய்த்தால் அடியில் எஃகுதான் வரும். முலாம் பூசிய கேஸ் அப்படியன்று. அழகுக்காகப் பூசும் குரோமிய அடுக்கின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. துணிச் சக்கரத்தில் சில நிமிடம் பிடித்தாலே அது போய்விடும். பிறகு வெளிப்படுவது நிக்கலும் மஞ்சள் பித்தளையும்தான்.

நெய்வேலியில் ஒரு ஜனதா

எச்.எம்.டி. முதல் கடிகாரத்தைத் தந்த அதே 1961இல்தான் நெய்வேலியிலும் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாகி, 1957 மே மாதம் நேருவால் சுரங்கப் பணி தொடங்கி வைக்கப்பட்டு, நான்காண்டு தோண்டிய பின் கிடைத்த பலன் அது. 1962இல் அனல் மின்நிலையத்தின் முதல் அலகு இயங்கியது. சுரங்கமும் மின்நிலையமும் இரவு பகலாக ஷிப்டு முறையில் இயங்கியதால், எங்கள் ஊரில் கைக்கடிகாரம் அழகுப் பொருளாக இருக்கவில்லை. வேலைக் கருவியாகவே இருந்தது.

சுரங்க வேலைக்காக நெய்வேலிக்கு வந்த என் தந்தை, சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஒரு ஜனதா வாங்கினார். சாவி கொடுக்கும் கடிகாரம். பாத்திரத்தில் பெயர் வெட்டுபவரிடம் கொடுத்து, அதன் எஃகுப் பின்மூடியில் தம் பெயரையும் வாங்கிய ஆண்டையும் புள்ளி புள்ளியாக வெட்டிக்கொண்டார். ஓய்வு பெறும் வரை அதையே கட்டினார். தூசியும் வியர்வையும் சேர்ந்து, பட்டை மாட்டும் கொம்புகளின் உட்புறத்தில் குரோமியம் உரிந்து மஞ்சள் தெரிந்தது. மற்றபடி நன்றாக ஓடியது.

அவர் மறைந்த பிறகு, அதைப் புதிதுபோல ஆக்கித் தரும்படி வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்தேன். ஒரு வாரத்தில் வெள்ளிபோல மின்னும் கடிகாரம் திரும்பி வந்தது. மகிழ்ச்சியோடு திருப்பிப் பார்த்தேன். பின்மூடியும் மின்னியது. தந்தையின் பெயர் அதில் இல்லை. கீறல்களோடு சேர்த்து அதையும் பஃப் சக்கரத்தில் தேய்த்துவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் முன்பக்கம் முழுவதும் மஞ்சளாகி, ஓரங்களில் பச்சைக் களிம்பு ஏறத் தொடங்கியது.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. “பளபளன்னு பண்ணிக் கொடுங்க” என்றுதான் நான் கேட்டிருந்தேன். அவரும் கேட்டதைச் செய்தார். எதைத் தொடக்கூடாது என்று சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஓசூர் காட்டிய மாற்றம்

தமிழ்நாட்டில் பெரிய அளவில் கைக்கடிகாரத் தயாரிப்பு ஓசூரில் தொடங்கியது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் (டிட்கோ) சேர்ந்து 1984இல் டைட்டன் நிறுவனத்தை உருவாக்கின. பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்களைத் தமிழ்நாட்டின் சிறு ஊர்களிலிருந்து தேர்ந்தெடுத்து, நுண்தொழிலில் பயிற்சி தந்து, இந்நிறுவனம் தன் தொழிலாளர் படையை அமைத்தது. 2002இல் வெளிவந்த ‘டைட்டன் எட்ஜ்’ கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர் மட்டுமே. இத்தனை மெல்லிய கேஸில் உலோகத்தை வீணாகத் தேய்க்க இடமே இல்லை என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

குவார்ட்ஸ் கடிகாரங்களின் போட்டியில் எச்.எம்.டி. பின்தங்கியது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதன் பிறகு பழைய எச்.எம்.டி.களுக்குத் தேவை கூடியது. தேவை கூடியதும் கலப்படமும் கூடியது. டயலுக்குப் புதிய வண்ணம் பூசி, வேறு வேறு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து, கேஸை மழுங்கத் தேய்த்து, ‘பழைய அசல்’ என்று விற்பவை சந்தையில் நிறைய உள்ளன. விளிம்பு மழுங்கிய கேஸ் அவற்றைக் கண்டறிய உதவும் அடையாளங்களுள் ஒன்று.

மறுமெருகு செய்யும் முறை

முறையான மறுமெருகு, கருவியை எடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. அதன் படிகள் வருமாறு:

1. அசலை அறிதல். அந்த மாடல் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்தது என்பதைப் பழைய விளம்பரங்கள், விலைப்பட்டியல்கள், பயன்படுத்தாத கடிகாரங்கள் ஆகியவற்றிலிருந்து அறியவேண்டும். அதே கேஸிலும் சான்று கிடைக்கும். பட்டையின் அடியில் மறைந்த பகுதிகளில் பிறந்த மெருகு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

2. பிரித்தல். மெஷின், டயல், கண்ணாடி, சாவி, ரப்பர் வளையம் அனைத்தையும் எடுத்துவிட்டு வெறும் கேஸை மட்டும் கழுவி எடுக்கவேண்டும். பாதி அழுக்கு ‘கீறல்’ என்று எண்ணியது கழுவினாலே போய்விடும்.

3. பள்ளங்களை நிரப்புதல். ஆழமான பள்ளம் இருந்தால் அதன் மட்டத்துக்குச் சுற்றிலும் தேய்ப்பது பழைய வழக்கம். இப்போது அதே வகை எஃகுக் கம்பியை லேசர் கதிரால் உருக்கிப் பள்ளத்தை நிரப்புகிறார்கள். இழந்த உலோகத்தைத் திரும்பச் சேர்க்கும் வழி இது.

4. தட்டையாக்குதல். தட்டையான பரப்பைச் சுழலும் தட்டிலோ, கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய நுண்ணிய உப்புத்தாளிலோ தேய்க்கவேண்டும். அடியில் கெட்டியான தளம் இருந்தால்தான் விளிம்பு நிற்கும். சொரசொரப்பான தாளிலிருந்து படிப்படியாக நுண்ணிய தாளுக்குச் செல்லவேண்டும்.

5. கண்ணாடி மெருகும் கோட்டு மெருகும். பொதுவாகக் கண்ணாடி மெருகை முதலில் முடித்து, அப்பகுதியை ஒட்டுநாடாவால் மூடிவிட்டு, பிறகு கோட்டு மெருகு இடுவார்கள். கோடுகள் ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில், நடுவில் நிறுத்தாமல் ஓடவேண்டும். அசலில் நீளவாக்கில் இருந்த கோட்டைக் குறுக்கே இழுத்துவிட்டால், வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது பிழையே.

6. சேர்த்தலும் சோதித்தலும். புதிய ரப்பர் வளையம் இட்டு, மெஷினைப் பொருத்தி, தண்ணீர் புகாமையைச் சோதிக்கவேண்டும். தேய்ந்த கேஸில் மூடி சரியாக அமராவிட்டால் அழகான கடிகாரத்துக்குள் நீர் புகுந்துவிடும்.

முலாம் பூசிய கேஸுக்கு இம்முறை பொருந்தாது. பழைய குரோமியத்தையும் நிக்கலையும் நீக்கி, பித்தளையைச் சீர்செய்து, மீண்டும் நிக்கலும் குரோமியமும் பூசவேண்டும். குரோமிய முலாமுக்குப் பயன்படும் ஆறிணைதிற குரோமியச் சேர்மங்கள் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. ஆகவே இதை வீட்டில் செய்து பார்க்க எண்ணவே கூடாது. உரிமம் பெற்ற முலாம் பட்டறைகளே இதற்கு ஏற்றவை.

தேய்ப்பதா, விடுவதா?

உலோகத்தை எடுப்பது எளிது. திரும்ப வைப்பது கடினம். ஒவ்வொரு மெருகிலும் கேஸ் சிறிதளவு மெலிகிறது. நான்கைந்து முறை தேய்த்த பழைய சப்மரைனர்களில், கொம்புகளின் ஓரத்தில் இருந்த சரிவு விளிம்பு அடியோடு காணாமல் போயிருப்பதைச் சேகரிப்பாளர்கள் நன்கு அறிவர். அதனால்தான் பெரிய ஏலங்களில் ‘மெருகு படாத கேஸ்’ என்பது விலையை உயர்த்தும் சொல்லாக உள்ளது.

இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்க நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா. 2017 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் அது 1.77 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. கார்ப் பந்தயத்தில் ஈடுபட்ட கணவருக்கு அதைப் பரிசளித்த நடிகை ஜோன் உட்வர்டு, கவனமாக வண்டி ஓட்டும்படி சொல்லும் சில சொற்களைப் பின்மூடியில் பொறித்திருந்தார். யாராவது ‘புதிதுபோல’ ஆக்கித் தருகிறேன் என்று அந்த மூடியைப் பஃப் சக்கரத்தில் வைத்திருந்தால், அந்தக் கடிகாரம் அதே மாடலின் மற்றொரு பிரதி ஆகியிருக்கும்.

கேஸின் உட்புறத்திலும் வரலாறு உண்டு. பின்மூடியைத் திறந்தால், அதைப் பழுதுபார்த்தவர்கள் ஊசியால் கீறிவைத்த தேதிகளும் குறிகளும் தெரியும். கல்வெட்டு படிப்பவர் போல அவற்றைப் படித்து, ஒரு கடிகாரம் எத்தனை கைகள் மாறியது, எப்போது பழுதானது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

எனவே, கடையில் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. கேஸ் எஃகா, முலாமா? தேய்க்கப்போகும் பரப்பின் அசல் மெருகு எது? இதில் திரும்பப் பெறமுடியாத எழுத்தோ குறியோ உள்ளதா? இவற்றுக்கு விடை தெரியாதவரை கழுவித் துடைத்து, மெஷினுக்கு எண்ணெய் மட்டும் போட்டு வைத்துக்கொள்வதே போதும். தொடக்கூடாத பகுதிகளைத் தாளில் எழுதிக் கொடுப்பதும், கொடுக்குமுன் எல்லாப் பக்கங்களையும் புகைப்படம் எடுத்து வைப்பதும் கட்டாயம்.

முடிவுரை

சட்டைப்பை வெள்ளிக் கடிகாரத்திலிருந்து எஃகுக் கைக்கடிகாரம் வரை, கேஸின் மெருகு அதைச் செய்தவரின் கையெழுத்தாக இருந்துவந்துள்ளது. அதன்மேல் விழும் கீறல்கள் அதைக் கட்டியவரின் கையெழுத்து. நல்ல மறுமெருகு முதல் கையெழுத்தை மீட்கும். ஆனால் அதற்கு விலையாக இரண்டாவதை அழிக்கிறோம் என்பதை அறிந்தே செய்யவேண்டும். அழிப்பது தகுமா என்பதைக் கடைக்காரர் முடிவு செய்ய முடியாது. கடிகாரத்தை உடையவர்தான் முடிவு செய்யவேண்டும்.

என் தந்தையின் ஜனதா இன்றும் ஓடுகிறது. காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலை வரை நிற்காது. அதற்கு மீண்டும் குரோமியம் பூசித் தர ஒருவர் முன்வந்தார், வேண்டாம் என்றுவிட்டேன். அழிந்த பெயரை மீண்டும் வெட்டித் தரவும் ஆள் உண்டு. ஆனால் அது அவர் வெட்டிவைத்த பெயராக இருக்காது. அந்தக் கடிகாரம் எந்த ஆண்டு, யாரால் வாங்கப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி, அதன் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.